புறாச் சிறகுக் காற்று

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்போது எங்கே போய் நிற்கிறது என்று கவனித்திருப்பீர்கள். பிள்ளைகளில் ஆரம்பிக்கும், சம்பந்தி வீட்டுக்குப் போகும், கடைசியில் அவரவர் மாத்திரை டப்பாவில் வந்து நிற்கும். அப்படி ஒரு கல்யாணப் பந்தியில்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி கேட்டாள்: "ஏன்டி, நாய் பூனைன்னு வீட்டுல ஏதாச்சும் வளத்தா பிரஷர் எறங்குமாம். போன்ல பாத்தேன். நெசமா?"

நான் எதற்கும் பயப்படுகிறவள். உங்களுக்கே தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்து பார்க்கிற ஆள். மகன் பைக்கை எடுத்துக்கொண்டு போனால் அவன் வருகிற வரைக்கும் தொண்டையில் தண்ணீர் இறங்காது. யார் எதைக் கேட்டாலும் "இருந்தாலும் இருக்கும்" என்று இரண்டு பக்கமும் கால் வைத்துத்தான் பதில் சொல்வேன். அன்றைக்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

"நெசந்தான்" என்றேன். "ஆனா நாம நெனைக்கிற மாதிரி இல்ல."

அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பேச்சு அதோடு போயிற்று. பந்தியில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கம்பத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது கேபிள் டிவி வந்திருந்தது, செல்போன் வரவில்லை. என் அத்தா ஜீப் ஓட்டினார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கருக்கலில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ரோட்டில் மலையேறுவார், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். அந்த ஜீப்புக்கு ஒரு வாசனை உண்டு. டீசல், நனைந்த சாக்கு, வேலை முடித்து வரும் பெண்கள் மடியில் ஒட்டிக்கொண்டு வருகிற பச்சை ஏலக்காய், எல்லாம் கலந்த வாசனை. கியர் கம்பியின் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ் மாட்டியிருப்பார். உள்ளே சிவப்பு ரோஜாப்பூ ஒன்று வாடாமல் இருக்கும். அந்தக் காலத்தில் எல்லா ஜீப்பிலும் லாரியிலும் பார்த்திருப்பீர்கள். வண்டி வந்து நின்றதும் ஓடிப்போய் அதைத் தொடுவேன். அத்தாவின் உள்ளங்கைச் சூடு அதில் இருக்கும்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டு வந்து வாசலில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவே இல்லை. அம்மா போய்ப் பார்த்தார். அத்தாவின் இடது கை கியர் குமிழின் மேலேயே கிடந்தது.

"கையை எடுக்க முடியல" என்று குழறினார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். பிரஷர் கூடிப் பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு மோசமில்லை. வாய் நேராகிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது. இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். இடது கை மட்டும் மூடிய மொட்டு மாதிரி, விரல்கள் உள்ளே மடங்கி, மார்போடு ஒட்டிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "வலது கை தப்பிச்சதே, அல்லா காப்பாத்துனான். சாப்புட, எழுத எல்லாம் அதுதானே" என்றார்கள். அத்தாவுக்கு அது போதாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கத்தான் வலது கை. கியர் போட இடது கை வேண்டும். அது எழுந்திருக்காவிட்டால் அவர் டிரைவர் இல்லை. டிரைவர் இல்லையென்றால் வேறு என்னவாக இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

அம்மா ஏலக்காய்க் கடைக்குத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார். அத்தாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டுமே. "கொஞ்ச நாளைக்குத்தான்த்தா, அத்தா எந்திரிச்சதும் பள்ளிக்கொடம் போகலாம்" என்றார் என்னிடம். அப்போது நான் எட்டாம் வகுப்பு. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பெரியவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்றைப் பிடிக்க ஓடும்போது இன்னொன்று கையிலிருந்து விழுவதை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் டாக்டரம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அதை இடது கையில் வைத்து அமுக்கி அமுக்கி விடச் சொல்லியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடக்கவும் சொல்லியிருந்தார்.

"அத்தா, பந்து" என்று கொண்டுபோய் நீட்டுவேன்.

"நான் என்ன சின்னப்புள்ளையா, பந்து வெளாட?" என்று வலது கையால் தட்டிவிடுவார். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடும். நான் குனிந்து எடுப்பேன். திரும்பத் தட்டிவிடுவார். ஒருநாள் அது மூலையில், தகரப் பெட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. நானும் விட்டுவிட்டேன். அதன்பிறகு அத்தா மல்லாந்து படுத்து முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் மூச்சு விடுகிறாரா என்று நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். என் பயம் எல்லாம் அங்கே தொடங்கியதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் புறா யோசனை வந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாருமே சொன்னார்கள். புறாவின் சிறகுக் காற்று உடம்பில் பட்டால் வாதம் விட்டுப்போகும். பள்ளிவாசல் தெருவில் சொன்னார்கள், கவுமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்ன எதிர்வீட்டு அத்தையும் சொன்னார்கள், மெட்டு ரோட்டு டீக்கடை மலையாளிச் சேட்டன், "ஒரு ஜோடி பிராவு வாங்கு, அது மதி" என்று முடித்தே வைத்துவிட்டார். மற்ற எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் பள்ளத்தாக்கே ஒரே பேச்சாக இருந்தது.

அத்தாவோடு கூட ஜீப் ஓட்டுகிற டிரைவர் மாமாவுக்குச் சொந்த ஊர், வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பை. அத்தா படுத்ததிலிருந்து எங்கள் ஜீப்பையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அவரிடம் அம்மா சொல்லிவிட, மறு வாரமே ஒரு ஜோடிப் புறாவைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல்.

"எங்க ஊருக்கு வந்து எல்லாரும் நாய்க்குட்டிதான் தங்கச்சி கேப்பாக. புறா கேட்ட மொத ஆளு நீதான். ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்ணே. நாயை வச்சு எங்க காத்து வாங்குறது?" என்றார் அம்மா.

"வாலை ஆட்டும்ல, அந்தக் காத்து பத்தாதா?"

அத்தா கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

திராட்சை வரும் மரப்பெட்டிகளை நினைவிருக்கிறதா? இப்போது எல்லாம் பிளாஸ்டிக் கிரேட் ஆகிவிட்டது. அப்போது மெல்லிய பலகையில் ஆணியடித்த பெட்டிகள். உள்ளே காய்ந்த வைக்கோலும் நசுங்கிய பன்னீர்த் திராட்சைக் கறையும் இருக்கும். அப்படி இரண்டு பெட்டியைச் சேர்த்து முன்பக்கம் கம்பிவலை அடித்து, உத்திரத்தில் கயிறு போட்டு, அத்தாவின் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கவிட்டார் டிரைவர் மாமா. காற்று நெஞ்சிலும் கையிலும் நேராகப் படவேண்டும் என்று அம்மா கீழே நின்று அளவு சொன்னார்.

அடுத்தது ஜன்னல். ஆடிக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை இடுக்கில் நுழைந்து வந்து, கொடியில் காய்கிற சேலையை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும். அந்தக் காற்று உள்ளே வந்தால் புறாக் காற்று கலைந்துபோகும் என்று அம்மா ஜன்னல்களையெல்லாம் சாத்தி, சந்துகளில் பழைய துணியை அடைத்துவிட்டார். வெளியே ஊரையே தூக்குகிற காற்று. உள்ளே நாங்கள் இரண்டு புறாவின் காற்றுக்காகக் காத்திருந்தோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. புதுப் புறா பழைய இடத்துக்கே பறந்து போய்விடும் என்று கொஞ்ச காலத்துக்கு இறக்கையை நூலால் கட்டித்தான் கொடுப்பார்கள். இறக்கை கட்டிய புறாவுக்கு அடியில் சிறகுக் காற்றுக்காகப் படுத்திருந்தார் என் அத்தா. இந்தச் சங்கடத்தை யாராவது யோசித்தார்களா என்றால், இல்லை. அம்மா வேலைக்குப் போகும்போது, "அப்பப்ப ஈக்குச்சியால லேசாக் குத்திவிடு, படபடன்னு அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் நாற்காலிமேல் ஏறிக் குத்துவேன். அவை கட்டுண்ட இறக்கையோடு மூலைக்கு மூலை தத்தும். தூசியும் வைக்கோலும் அத்தாவின் முகத்தில் கொட்டும்.

"விடுத்தா, பாவம். அதுகளும் என்னைய மாதிரித்தான், கையக் கட்டிப் போட்டாச்சு" என்பார் அத்தா.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். வெறும் முகட்டைப் பார்த்துக் கிடந்தவருக்கு இப்போது அங்கே இரண்டு முகம் கிடைத்தது. வெள்ளை கழுத்தை உப்பிக்கொண்டு சாம்பலைச் சுற்றிச் சுற்றி வந்து குனுகும். சாம்பல் கண்டுகொள்ளாது. "ஏலே, அவதான் திரும்பிப் பாக்கலைல, அப்பறம் என்னடா பந்தா?" என்று அத்தா கீழேயிருந்து கேட்பார். வெள்ளை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்க்கும். ஆனால் கட்டிலை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் காற்று படாதே. "அசையாமக் கெடங்க, நல்லாப் படட்டும்" என்று அம்மாவே சொல்வார். நடக்க வேண்டிய மனுஷனை, நல்லதென்று நினைத்து, நாங்களே கட்டிலோடு கட்டி வைத்திருந்தோம்.

அதற்குள் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. ஏலக்காய்க் கடைத் தூசிதான் காரணம் என்று தெருவே சொல்லிற்று. அம்மாவும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். இருமல் போகவில்லை. எனக்கோ இப்போது இரண்டு பேரின் மூச்சைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

ஒருவழியாக டாக்டரம்மாவிடம் போனோம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வேலை எடத்துல இருமல் கூடவா, வீட்டுல கூடவா?" என்றார்.

அம்மா யோசித்தார். "வீட்டுலதான் டாக்டர். படுத்தா ரொம்ப."

"வீட்டுல பறவை ஏதும் இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் அம்மா சொல்லி முடித்தார். உத்திரத்தில் கூண்டு, அடைத்த ஜன்னல், ஈக்குச்சி. டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வளக்க வேணாங்கல. அதுக எச்சமும் எறகுத் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. மூடுன ரூம்ல தலைக்கு மேல வைக்கலாமா? இன்னிக்கே வெளிய வைங்க. மூக்கைக் கட்டிக்கிட்டுச் சுத்தம் பண்ணுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. மொதல்ல ஜன்னலைத் தொறங்க."

அன்றைக்கே டிரைவர் மாமா வந்து கூண்டை இறக்கினார். கொல்லையில் துவைக்கிற கல்லைத் தாண்டி, முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் கால் நட்டு அதன்மேல் வைத்தார். அத்தாவுக்குக் கோபம் என்றால் அப்படிக் கோபம்.

"காத்தையும் எடுத்துட்டுப் போறீக. அப்படியே என்னையும் மையவாடியில கொண்டு போயிப் பொதச்சிருங்க."

"தூக்குறதுக்கு நீ கனம் மச்சான். நடந்து வர்றதுன்னாச் சொல்லு, கூட்டிட்டுப் போறேன்" என்றார் டிரைவர் மாமா.

அத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்த ஆடிக் காற்றில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காத்து போதாதாக்கும்" என்று முணுமுணுத்தார். யாரைச் சொன்னாரோ.

மறுநாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். கொல்லையில் புறாக்கள் தீனிக்குக் குனுகிக்கொண்டிருந்தன. கட்டிலுக்கு மேலே இருந்தபோது ஆளுக்கொரு கை கம்புத் தானியத்தைப் போட்டுவிட்டுப் போவோம். வெளியே போனதும் மறந்துவிட்டோம். "புறா கத்துது" என்றார் அத்தா. "இந்தா போறேன்" என்றேன். பால் பொங்கிக்கொண்டிருந்தது. "புறா கத்துதுங்கறேன்ல." "இந்தாத்தா."

பாலை இறக்கிவைத்துத் திரும்பினால் கட்டிலில் ஆள் இல்லை.

பின்வாசலுக்கு ஓடினேன். அத்தா வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மடியில் கம்பை முடிந்துகொண்டு, இடது காலைத் தரையில் கோடு போட்டபடி இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். சுவர் முடிந்துவிட்டது. துவைக்கிற கல் வரைக்கும் பிடிக்க எதுவும் இல்லை. அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அத்தா! விழுந்துருவீக!" தெரு கேட்கக் கத்தினேன்.

அவர் திரும்பக்கூட இல்லை. "கத்தாதத்தா, புறா மெரளும்" என்றார்.

அப்படியே அசைந்து ஆடிக் கல்லைப் பிடித்தார். கல்லிலிருந்து கூண்டின் காலைப் பிடித்தார். வலது கையை விட்டால் விழுந்துவிடுவார். கம்பை எந்தக் கையில் எடுப்பது? தோளைக் கூண்டின் காலில் சாய்த்துக்கொண்டு, வலது கையால் மடியைப் பிரித்து, மூடிக்கிடந்த இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த உள்ளங்கையில் கம்பைக் கொட்டி, கையையே தூக்கிக் கூண்டு வாசலில் வைத்தார். வெள்ளை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பிறகு கொத்திற்று. விரல் இடுக்கில் மாட்டிய கம்பைத் தேடித் தேடிக் கொத்திற்று.

"கூசுதுத்தா" என்றார் அத்தா. "கையி கூசுது."

அம்மா கைப்பையோடு பின்வாசலில் நின்றார். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்.

அதன்பிறகு எங்கள் யாரையும் அந்தப் பக்கம் அவர் விடவில்லை. காலையும் மாலையும் தீனி, தண்ணீர், கூண்டுக்கு அடியில் மணல் மாற்றுவது, எல்லாம் அவர்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டுவார். முடித்துவிட்டு டாக்டரம்மா சொன்ன மாதிரி சோப்புப் போட்டு, ஒரு கையால் மறு கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கும் கொல்லைக்கும் நடக்க வேண்டியிருந்தது. விழவும் செய்தார். துவைக்கிற கல்லில் இடித்து முட்டித் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. நான் அழுதேன், அவர் புறாவுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் மருந்து போட உட்கார்ந்தார். அம்மாவின் இருமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிற்று.

நூலை அவிழ்க்கிற நாளும் வந்தது. டிரைவர் மாமா அவிழ்க்கிறேன் என்றார். அத்தா விடவில்லை. புறாவைக் கையில் பிடிப்பது லேசான காரியமில்லை. இறுக்கினால் அதற்கு மூச்சு முட்டும், தளர்த்தினால் போய்விடும். அத்தா வெள்ளையை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கை நகத்தால் முடிச்சைப் பிரித்தார். இடது கை நடுங்கிற்று. ஆனால் விரல்கள் மூடவும் இல்லை, விடவும் இல்லை. அந்தப் பிடியைத்தான் பந்தை வைத்துப் பழகச் சொல்லியிருந்தார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இரண்டும் ஒரு வட்டம் போட்டு மேற்கே மலைப் பக்கம் போயின. வெயில் ஏறிற்று, இறங்கிற்று. வரவில்லை.

"கோம்பைக்கே போயிருக்கும். வேணும்னா நாய்க்குட்டி தாரேன்" என்றார் டிரைவர் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அத்தா முருங்கை மரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னோம், கேட்கவில்லை. பொழுது அடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லுகிற நேரத்தில் சாம்பல் முதலில் வந்து கூண்டின்மேல் இறங்கிற்று. பின்னாலேயே வெள்ளை. படபடவென்று இறங்கிய வேகத்தில் அத்தாவின் முகத்தில் நிஜமாகவே காற்றுப் பட்டது.

"இந்தா, சிறகுக் காத்து" என்றார் டிரைவர் மாமா. அப்போதுதான் எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா அத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். "நல்லா எறங்கியிருக்கே. பந்து வேலை செஞ்சிருக்கு பாருங்க" என்றார். அத்தா என்னைப் பார்த்தார். பந்து தகரப் பெட்டிக்குப் பின்னால் தூசியோடு கிடப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மாதான் பொறுக்கமாட்டாமல், "புறாக் காத்து டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

"கூண்டு எங்க இருக்கு?"

"கொல்லையில."

"யாரு போயித் தீனி போடுறது?"

"நாந்தான்" என்றார் அத்தா.

"அப்பச் சரி. மாத்திரையை மட்டும் நிப்பாட்டாதீங்க" என்று அவரும் சிரித்துவிட்டார்.

ஊர் மட்டும் மாறவில்லை. புறாக்கள் குஞ்சு பொரித்ததும், காற்றில்தான் குணமானது என்று எங்கெங்கிருந்தோ வந்து குஞ்சு கேட்டார்கள். அத்தா கொடுப்பார். "காத்துல ஒண்ணும் இல்லங்க. கட்டிலுக்கு மேல வைக்காதீக. எட்டத்துல வைங்க, நோயாளியையே போயித் தீனி போடச் சொல்லுங்க" என்றும் சொல்லி அனுப்புவார். தலையாட்டிவிட்டுப் போய் உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள்.

சித்திரையில் வீரபாண்டிக் கவுமாரியம்மன் திருவிழாவுக்கு வேண்டுதல் நிறைவேற்றப் போகவேண்டும் என்று எதிர்வீட்டு அத்தை எங்களையும் அழைத்தார்கள். டிரைவர் மாமா எங்கள் ஜீப்பையே எடுத்து வந்தார். வாசலில் நிறுத்தியவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தெரு முக்கு வரைக்கும் நீ ஓட்டு மச்சான். அங்கிட்டு நான் வாங்கிக்கிறேன்."

வேண்டாம் என்று வாயெடுத்த அம்மா, பின்னால் ஏறிக்கொண்டார். அத்தா ஏறி உட்கார்ந்தார். இடது காலால் கிளட்சை மிதித்தார், மெதுவாக, முழுசாக. இடது கையைத் தூக்கி ரோஜாப்பூக் குமிழின்மேல் வைத்தார். ஓங்கிப் பிடிக்கவில்லை. வெள்ளையைப் பிடித்த மாதிரியே, இறுக்காமல், விடாமல், விரல்களை அதன்மேல் கவித்தார். கை நடுங்கிற்று. குமிழுக்குள் இருந்த பூவும் நடுங்கிற்று. கரகரவென்று ஒரு சத்தம். நான் பின் சீட்டிலிருந்து கத்தினேன்.

"அத்தா! வேணாம் அத்தா!"

கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அத்தா சொன்னார்:

"கத்தாதத்தா, புறா மெரளும்."